புகைப்புரை வீடானது: குலசேகரம் பக்கத்து ஓடைக்கரையில் ஒரு நிகழ்வு ஆய்வு

2017 நவம்பர் 30ஆம் தேதி ஓகி புயல் கன்னியாகுமரி மாவட்டத்தை உரசிக்கொண்டு போனபோது, ரப்பர் தோட்டங்களில் மரங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. அத்தானின் தோட்டத்தில் சாய்ந்த மரங்களில் ஒன்று, ரப்பர் ஷீட்டைப் புகையில் காயவைக்கும் பழைய புகைப்புரையின் கூரைமேல் விழுந்தது. கரண்ட் இல்லை, வழியெல்லாம் மரங்கள். நாகர்கோவிலிலிருந்து நான் அங்கே போய்ச் சேர ஒரு வாரம் ஆகிவிட்டது. உள்ளே நுழைந்ததும் அப்படியே நின்றுவிட்டேன். ஓடு உடைந்த இடத்தின் வழியாக வெயில் நேராக உள்ளே இறங்கியிருந்தது. சிறு வயதிலிருந்து தெரிந்த கட்டடம்தான், ஆனால் அதற்குள் வெளிச்சத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். 22 அடி உயரச் சுவர்கள் நாலு பக்கமும் கறுப்பாக, எண்ணெய் தடவியதுபோல மின்னின. மேலே கூரையைத் தாங்கும் கழுக்கோல்கள் கரிக்கட்டை நிறத்தில் வரிசையாக நின்றன. ஒன்றிரண்டு முறிந்திருந்தன, மற்றவை அப்படியே இருந்தன.

வெளியே மரம் அகற்ற வந்த ஜேசிபி நின்றது. "இதையும் சேத்து இடிச்சிரலாம் இல்லியா?" என்று அத்தான் கேட்டார். அக்கா ஓடைப் பக்கத்துக் கதவைத் திறந்து போட்டுக்கொண்டு அந்தப் படியில் உட்கார்ந்திருந்தாள். "இங்கேயே இருந்துட்டா என்ன?" என்றாள். இருவரும் அப்போதுதான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார்கள்.

நான் கட்டடப் பொறியாளர். அதுவரை கட்டியதெல்லாம் காங்கிரீட் வீடுகள். ஒரு பழைய ரப்பர் ஷீட் ஆலையை வீடாக்குவது எனக்கு முதல் தடவை. செய்ததில் பாதி சரியாக வந்தது, பாதியைப் பிரித்துத் திரும்பச் செய்தோம். கல்குளம், விளவங்கோடு, திருவட்டாறு பக்கமெல்லாம் இப்படிப்பட்ட புகைப்புரைகள் பூட்டிக் கிடக்கின்றன. அவற்றில் கைவைக்க நினைப்பவர்களுக்காக, நாங்கள் தப்பு செய்த இடங்களையும் விடாமல் எழுதுகிறேன்.

ஓடைக்கரையில் ஏன் கட்டினார்கள்

முதலில் தேடியது பத்திரத்தை. கிடைத்தது மலையாளத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1ஆம் தேதிக்கு முன் இந்தப் பகுதி திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்ததால் அந்தக் காலத்துப் பத்திரங்கள் அப்படித்தான் இருக்கும். படித்துச் சொல்ல ஒரு பெரியவரைப் பிடித்தோம். நாலு எல்லையில் கிழக்கு எல்லை "தோடு" என்று இருந்தது. தோடு என்றால் ஓடை. கோதையாற்றில் போய்ச் சேரும் சிறிய ஓடைதான், கோடையில் முழங்கால் அளவுகூட இருக்காது. கட்டடத்தின் கிழக்குச் சுவர் அதிலிருந்து 14 அடி தள்ளித்தான் நிற்கிறது.

இவ்வளவு நெருக்கத்தில் கட்டியதற்குக் காரணம் ரப்பர் ஷீட் செய்யும் முறையிலேயே இருக்கிறது. விடியற்காலையில் வெட்டிய பாலைச் சிரட்டையிலிருந்து வாளியில் சேர்த்துக் கொண்டுவந்து வடிகட்டுவார்கள். அப்புறம் அதோடு தண்ணீர் சேர்த்துத் தட்டுகளில் 4 லிட்டர் வீதம் ஊற்றுவார்கள். அந்த 4 லிட்டரிலிருந்து சுமார் அரைக் கிலோ ரப்பர் கிடைக்கும். நீர்த்த பார்மிக் ஆசிட் விட்டால் பால் உறைந்து தயிர்க்கட்டிபோல ஆகும். அதை எடுத்து ரோலரில் கொடுத்து அழுத்தி, கடைசியில் வரி விழும் ரோலரில் விட்டால் 3 மில்லிமீட்டர் கனத்தில் ஷீட் வரும். பாலோடு சேர்க்க, தட்டு கழுவ, ஷீட்டில் ஒட்டிய ஆசிட் போகும்வரை அலச, தரை கழுவ என்று எல்லாவற்றுக்கும் தண்ணீர் வேண்டும். கழுவிய தண்ணீர் போகவும் இடம் வேண்டும். ஓடை இந்த இரண்டுக்கும் ஆயிற்று. அந்தப் புளித்த தண்ணீரை அந்தக் காலத்தில் நேராக ஓடையில்தான் விட்டார்கள். அதன் நாற்றம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

ஆலைக்கு இரண்டு பகுதி. ஒன்று தாழ்ந்த ஓட்டுக் கொட்டகை, 40 அடிக்கு 20 அடி. பால் உறைய வைப்பதும் ரோலரில் கொடுப்பதும் அங்கே. மற்றது உயரமான, குறுகிய புகைப்புரை, 24 அடிக்கு 18 அடி. ஈரம் வடிந்த ஷீட்டை மூங்கில் கழிகளில் போட்டு அடுக்கடுக்காகத் தொங்கவிட்டு, கீழே புகை போட்டு, சுமார் 4 நாள் காயவைப்பார்கள். வெப்பம் 50 முதல் 60 டிகிரிக்குள் நிற்க வேண்டும். 60ஐத் தாண்டினால் ஷீட்டில் கொப்புளம் வந்து தரம் இறங்கிவிடும். அதனால் அடுப்பு சுவருக்கு வெளியே, மேற்குப் பக்கம் ஒரு பள்ளத்தில் இருந்தது. புகை தரைக்கடியில் ஒரு வாய்க்கால் வழியாக உள்ளே வந்து, ஷீட்டுகளுக்கு இடையில் ஏறி, முகட்டில் இருக்கும் பலகைக் கதவுகள் வழியாக வெளியேறும். அந்தக் கதவுகளைக் கீழிருந்து கயிறு இழுத்துத் திறக்கலாம், மூடலாம். அந்த அடுப்பை நாற்பது வருஷத்துக்கு மேல் பார்த்துக்கொண்டவர் பக்கத்திலேயே இருக்கிறார். நான் தாத்தா என்று கூப்பிடுவேன். வெப்பமானி இருந்தாலும் அவர் சுவரில் உள்ளங்கையை வைத்துத்தான் பார்ப்பாராம்.

ஆலை நின்றுபோனதற்குப் பெரிய கதை ஒன்றும் இல்லை. 2011இல் கிலோ 200 ரூபாயைத் தாண்டிய ஷீட் விலை, 2016 தொடக்கத்தில் 100 ரூபாய்க்குக் கீழே போனது. வெட்டுக்கூலி கட்டுப்படியாகவில்லை. பாலாகவே விற்கிறவர்கள் கூடினார்கள். ஓகிக்கு முன்பே அடுப்பு அணைந்திருந்தது.

புகை காத்த மரம்

2018இல் முதல் வேலையாகக் கூரையைப் பிரித்தோம். ஓடெல்லாம் மங்களூர் ஓட்டின் வகை. 1865இல் பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் தொடங்கிய ஓட்டு ஆலையிலிருந்து பரவிய வடிவம் அது. கேரளத்திலும் நம் மாவட்டத்திலும் எந்தப் பழைய வீட்டைப் பார்த்தாலும் அதுதான் தலைக்குமேல் இருக்கும். சதுர மீட்டருக்குச் சுமார் 15 ஓடு பிடிக்கும். உடையாதவற்றைக் கையால் ஒவ்வொன்றாக இறக்கி, தட்டிப் பார்த்தோம். கணீரென்று சத்தம் வந்தால் நல்லது, மந்தமாக வந்தால் விரிசல். பத்தில் ஏழு திரும்பக் கூரைக்குப் போயின. குறைந்ததைப் பழைய வீடு பிரிக்கும் இடங்களில் வாங்கினோம்.

கழுக்கோல்கள் அயனி மரம். எல்லாவற்றையும் மாற்றிவிட்டு இரும்புக் குழாய் போடலாம் என்றுதான் நான் முதலில் எஸ்டிமேட் போட்டிருந்தேன். ஆசாரி ஒரு கழுக்கோலை இழைப்புளியால் ஒரு தள்ளு தள்ளினார். மேலே இருந்த கரி ஒரு பொட்டாகக் கழன்று விழுந்தது, உள்ளே தேன் நிறத்தில் மரம். "சார், இதைப் போய் எடுக்கச் சொல்லுறீங்களே" என்றார். ஒரு இடத்தில்கூடச் செல் இல்லை, வண்டு துளை இல்லை. நம் வீடுகளில் அடுப்படிப் பரணில் போட்ட மரம் கெடாது என்று தெரியும். அதே காரியம் இங்கே ஐம்பது அறுபது வருஷம் இரவும் பகலும் நடந்திருக்கிறது. புகையில் இருக்கும் தாரும் அமிலமும் மரத்தில் ஊறிப் பூச்சியை அண்டவிடவில்லை. ஆனால் கிழக்குச் சுவர்மேல் கிடந்த உத்திரத்தின் நுனிகள் மட்டும் பஞ்சாகியிருந்தன. அங்கே தாழ்வாரத் தண்ணீர் சுவரில் இறங்கி, மரத்தின் கண்ணுக்குள் தேங்கியிருந்தது. முழு உத்திரத்தை மாற்றாமல், நுனியில் இரண்டடி வெட்டி எடுத்து அதே அயனி மரத்தில் ஒட்டு வைத்து, பித்தளை ஆணி போட்டு இறுக்கினார் ஆசாரி. தாழ்வாரத்தையும் ஒன்றரை அடி வெளியே நீட்டினோம். மாற்றியது மொத்தம் 5 கழுக்கோல், 2 உத்திர நுனி. நான் போட்ட எஸ்டிமேட்டில் இரும்புக்கு எழுதிய பணம் அப்படியே மிச்சம்.

புதிதாகச் செய்த சாமான்களுக்குச் சாய்ந்த ரப்பர் மரங்களையே பயன்படுத்தினோம். ரப்பர் தடியைச் சும்மா அறுத்துப் போட்டால் சில வாரத்திலேயே பூஞ்சை பிடிக்கும், வண்டு விழும். உடனே அறுத்து, போராக்ஸ், போரிக் ஆசிட் கரைசல் ஏற்றி, உலர்த்திய பலகை மட்டும்தான் நிற்கும். முதல் தடவை கிடைத்த மரங்களில் பாதியை இதற்கு நேரத்தோடு அனுப்ப முடியாமல் விறகாக்கினோம். அந்த வருஷம் மில்லுகளில் அவ்வளவு நெரிசல்.

சுவரில் ஊறிய கரி

என்னுடைய முதல் தப்பு இங்கே. சுவர் கருங்கல் அடித்தளத்தின்மேல் ஒன்றரை அடி கனத்தில் செங்கல், சுண்ணாம்புச் சாந்து. மேலே கரி. வீடு என்றால் வெள்ளையாக இருக்க வேண்டும் என்ற எண்ணத்தில், 2019இல் கரியைக் கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டு சிமெண்ட் பூசி, புட்டி போட்டு, பெயிண்ட் அடித்தோம். மூன்று வாரம் பளிச்சென்று இருந்தது. ஜூன் மழை தொடங்கியதும் சுவரில் மஞ்சள் திட்டுகள் வந்தன. அப்புறம் அவை தேநீர்க் கறைபோலப் பழுப்பாயின. ஒரு மாதத்தில் உப்புப் பூத்துப் புட்டி செதில் செதிலாக உதிர்ந்தது. அறைக்குள் புகைந்த ரப்பர் வாடை முன்னைவிட அதிகமாக அடித்தது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலமானால் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுவாள்.

என்ன நடந்தது என்பதைக் கொத்தி எடுத்தபோதுதான் பார்த்தேன். புகையின் தார் செங்கல்லுக்குள் விரல் கனம் ஊறியிருக்கிறது. சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஈரத்தை இழுக்கும், ஆனால் அதை மேற்பரப்பு வழியாக வெளியே விட்டுவிடும். சிமெண்ட் அந்த வழியை மூடிவிட்டது. வெளியே வர வழியில்லாத ஈரம், உள்ளே இருந்த தாரையும் உப்பையும் கரைத்துக்கொண்டு கிடைத்த இடத்தில் பீறிட்டது.

சிமெண்ட் முழுவதையும் கொத்தி எடுத்தோம். அதற்கே கையாட்கள் நாலு பேர் 17 நாள் வேலை செய்தார்கள். அதன்பின் சோப்புக்காரம் கலந்த சுடுதண்ணீரில் சுவரைத் தேய்த்துக் கழுவினோம். கழுவினால் மட்டும் போகாது. களிமண்ணையும் மணலையும் கூழாகக் குழைத்து அரை அங்குலக் கனத்தில் சுவர் முழுக்க அப்பி, காய்ந்து வெடிக்கும்வரை விட்டோம். காயும்போது மண் சுவரிலிருக்கும் உப்பையும் கறையையும் உறிஞ்சிக்கொள்ளும். அப்புறம் உரித்து எறிய வேண்டும். முதல் தடவை உரித்த மண் காப்பிப் பொடி நிறத்தில் இருந்தது. மூன்றாவது தடவை மண் மண்ணாகவே வந்தது. அதோடு நிறுத்தினோம்.

பூச்சுக்குச் சிப்பிச் சுண்ணாம்பு. நீற்றி, குழியில் தண்ணீருக்கடியில் போட்டது 2020 பிப்ரவரியில். மார்ச் மாதம் ஊரடங்கு வந்தது, வேலை நின்றது. குழியை மூடிவிட்டு எல்லோரும் வீட்டில் இருந்தோம். ஆறு மாதம் கழித்துத் திறந்தபோது சுண்ணாம்பு வெண்ணெய்போல இருந்தது, கரண்டியில் எடுத்தால் ஒட்டிக்கொண்டு தொங்கியது. எழுபது வயதைக் கடந்த கொத்தனார் ஒருவர், இளம் வயதில் இந்த வேலை பார்த்தவர், விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்து, "தம்பி, இப்படிச் சுண்ணாம்பு கையில் பட்டு முப்பது வருஷம் இருக்கும்" என்றார். சாதாரணமாக யாரும் இவ்வளவு நாள் ஊறவிடக் காத்திருப்பதில்லை. கடுக்காயும் கருப்பட்டியும் போட்டு ஊறவைத்துப் புளித்த தண்ணீரில் சாந்தைக் குழைத்தார். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டரைப் பங்கு மணல். மூன்று பூச்சு, ஒவ்வொன்றுக்கும் நடுவே இடைவெளி. சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்துத்தான் இறுகும். அவசரப்படுத்தினால் வெடிக்கும். அவர் ஒவ்வொரு நாளும் காலையில் வந்து சுவரில் தண்ணீர் தெளித்துவிட்டுப் போவார், வேலை இல்லாத நாளிலும்.

வடக்குச் சுவரை மட்டும் பூசவில்லை. கரியைக் கழுவி, வாடை போனபின் அப்படியே விட்டுவிட்டோம். அத்தான் கேட்டுக்கொண்டது அது. அவருடைய தாத்தா ஷீட் எண்ணிக்கையைச் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்ட இடம் அந்தச் சுவரில் இருக்கிறது. ஐந்து ஐந்தாகக் கட்டிய கோடுகள், மேலே புகை படிந்து, ஆனாலும் எண்ணலாம்.

வெள்ளம் என்ற சொல்

இரண்டாவது தப்பு பெரியது. அதை யோசித்தால் எனக்கு இன்னும் மனசு கனக்கும்.

கொட்டகையின் தரை சரிவாக இருந்தது. மேற்கிலிருந்து கிழக்காக 20 அடிக்கு 7 அங்குல இறக்கம். நடுவில் ஒன்றரை அடி அகல வாய்க்கால், கிழக்குச் சுவரில் மூன்று ஓட்டை, அதோடு அகலமான ஒரு கதவு. ஆசிட் பட்டுப் பட்டுத் தரையின் சிமெண்ட் அரித்து, ஜல்லி துருத்திக்கொண்டு நின்றது. இங்கேதான் சமையலறையும் சாப்பாட்டு இடமும் வர வேண்டும். சரிந்த தரையில் மேஜை எப்படி நிற்கும்? மண் கொட்டி மட்டப்படுத்தி, வாய்க்காலை மூடி, ஓட்டைகளை அடைத்து, கதவுக்குப் பதில் இடுப்புயரச் சுவரும் மேலே கண்ணாடி ஜன்னலும் வைக்கத் திட்டம் போட்டேன்.

வேலை நடக்கும்போது தாத்தா வந்து பார்த்தார். "மக்களே, அந்த வாசலை அடைக்காதே. வெள்ளம் அதுவழியாத்தான் போவும்" என்றார்.

இந்த மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தில் தண்ணீருக்கே வெள்ளம் என்றுதான் பெயர். குடிக்க வெள்ளம் தா என்பார்கள், கிணற்றில் வெள்ளம் இல்லை என்பார்கள். நாகர்கோவில்காரனாக இருந்தாலும் எனக்கு அது தெரியும். தெரிந்ததுதான் கெடுத்தது. ஷீட் கழுவின தண்ணீரைச் சொல்கிறார் என்று நினைத்தேன். "இனி இங்கே ஷீட் அடிக்க மாட்டோமே தாத்தா" என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வேறொன்றும் சொல்லாமல் போய்விட்டார். ஒரு கேள்வி கூடக் கேட்டிருந்தால் போதும். எந்த வெள்ளம், எந்த வருஷம், எவ்வளவு உயரம் என்று. கேட்கவில்லை.

2021 தொடக்கத்தில் அக்காவும் அத்தானும் குடிவந்தார்கள். அந்த வருஷம் நவம்பரில் மாவட்டம் முழுக்க என்ன மழை பெய்தது என்பது இங்கே உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குளங்கள் உடைந்தன, ரயில் பாதையில் மண் சரிந்தது, அணைகளில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். ஓடை இரவு பதினொரு மணிக்குக் கரை ஏறியது. ஆனால் தண்ணீர் நான் எதிர்பார்த்ததுபோலக் கிழக்கிலிருந்து உள்ளே வரவில்லை. மேலே தோட்டச் சரிவிலிருந்து இறங்கிய தண்ணீர், மேற்கு வாசல் வழியாக வீட்டுக்குள் நுழைந்து, ஓடையைப் பார்த்து ஓடியது. அது எத்தனையோ வருஷமாகப் போய்க்கொண்டிருந்த வழி அது. போகவேண்டிய இடத்தில் என்னுடைய இடுப்புயரச் சுவர் நின்றது. சமையலறை தொட்டியாகிவிட்டது. இரண்டே முக்கால் அடி தண்ணீர். அத்தான் கடப்பாரையால் சுவரின் மூலையை உடைத்து வழி பண்ணியபிறகுதான் இறங்கியது. இருவரும் அதுவரை புகைப்புரையின் மாடியில் டார்ச் வெளிச்சத்தில் இருந்தார்கள். அக்கா போனில் என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "கரண்டை அணைச்சிட்டோம், நீ பதறாதே."

மறுநாள் வந்த தாத்தா, ரோலர் நின்ற இடத்தருகே கருங்கல்லில் ஒரு கீறலைக் காட்டினார். அவர் இளைஞனாக இருந்தபோது ஏறிய தண்ணீரின் அளவாம் அது. முழங்காலுக்குக் கீழே. கதவும் ஓட்டைகளும் திறந்திருந்ததால் அதற்குமேல் ஏறவில்லை.

பிரித்துச் செய்தது

2022இல் கிழக்குச் சுவரை எடுத்துவிட்டுப் பழைய அகலத்திலேயே கதவு வைத்தோம், நாலு மடிப்புப் பலகைக் கதவு, கீழே ஓரங்குலம் இடைவெளியோடு. மூன்று ஓட்டைகளையும் திறந்து, எலியும் பாம்பும் வராமல் கம்பி வலை போட்டோம். கொட்டிய மண்ணை வெளியே எடுத்து, பழைய சரிவைத் திரும்பக் கொண்டுவந்தோம். முழுச் சரிவில் வாழ முடியாது. அதனால் தரையை இரண்டாகப் பிரித்து, மேற்குப் பாதியைச் சற்று உயர்த்தி மட்டமாக்கி அங்கே சமையல் மேடையும் அலமாரிகளும் வைத்தோம். கிழக்குப் பாதி சரிவாகவே இருக்கிறது, அதில் கல் பெஞ்சு தவிர வேறெதுவும் கிடையாது. நடு வாய்க்காலின்மேல் எடுக்கக்கூடிய கருங்கல் பலகைகள். மின்சார பிளக்குகள் எல்லாம் நாலடிக்கு மேல்.

தரைக்கு டைல்ஸ் போடவில்லை. பத்மநாபபுரம் அரண்மனையின் கறுப்புத் தரை மாதிரி வேண்டும் என்று அத்தானுக்கு ஆசை. சிரட்டைக் கரியும் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துச் செய்தது என்று சொல்லப்படும் அந்தத் தரையை நகல் எடுக்கிற கைகள் எங்களுக்குக் கிடைக்கவில்லை. ஒரு அறையில் சிரட்டைக்கரி கலந்து முயன்றோம், பளபளப்பு வரவில்லை, விரலில் கரி ஒட்டியது. கடைசியில் கறுப்பு ஆக்சைடு போட்ட சிமெண்ட் தரைதான். நனைந்தால் வழுக்காமலிருக்க ஓடைப் பக்கம் சொரசொரப்பாக விட்டோம்.

கக்கூஸ், குளியலறை, வயதான காலத்தில் மாடி ஏற முடியாதபோது படுக்க ஒரு அறை, இந்த மூன்றையும் பழைய கட்டடத்துக்குள் திணிக்காமல் மேற்கே மேட்டில் தனியாகச் சிறிதாகக் கட்டினோம். செப்டிக் டேங்கும் அங்கேதான், ஓடையிலிருந்து 90 அடி தள்ளி, கிணற்றிலிருந்தும் 60 அடிக்குமேல் தள்ளி. இத்தனை வருஷம் ஆசிட் தண்ணீரைக் குடித்த ஓடைக்கு இனி அழுக்கு எதுவும் போகக்கூடாது என்பதில் அக்கா பிடிவாதமாக இருந்தாள். சமையலறைத் தண்ணீர்கூட வாழைக்குத்தான் போகிறது. அனுமதிகளைப் பற்றி ஒரு வரி: மலையடிவாரக் கிராமங்கள் பலவும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் வரம்புக்குள் வருகின்றன. ஊராட்சிக்குப் போகுமுன் உங்கள் சர்வே எண் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். ஓடைப் புறம்போக்கின் எல்லையை அளந்து கல் நட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். நாங்கள் நட்டோம், அந்த ஒன்றில் பின்னால் பிரச்சினை வரவில்லை.

கரையில் கான்கிரீட் சுவர் எழுப்பச் சொன்னவர்கள் உண்டு. எழுப்பவில்லை. நம் பக்கம் சுவர் வைத்தால் தண்ணீர் எதிர்க்கரையை அரிக்கும், அங்கே இன்னொருவரின் விளை இருக்கிறது. தாழையும் வெட்டிவேரும் நட்டோம், கொஞ்சம் மேலே நீர்மருது. தாழை பிடித்துவிட்டது. அதன் வேர்க்கால்களுக்கிடையில் இப்போது மண் தங்குகிறது.

புகைப்புரையின் உள்ளே, குடிவருமுன்பே, பாதி உயரத்தில் மரத்தளம் போட்டிருந்தோம், ஆனால் அறை முழுவதையும் மூடாமல். மேற்குப் பாதியில் மாடி, கிழக்குப் பாதி கீழிருந்து முகடுவரை திறந்த கூடம். முகட்டுப் பலகைக் கதவுகளைப் பழுதுபார்த்து, கயிற்றையும் புதிதாக மாட்டினோம். அந்தக் கட்டடத்தைக் கட்டியவர்கள் சூடான புகையை மேலே ஏற்றி வெளியே விடுவதற்குத்தான் அவ்வளவு உயரமாக, அவ்வளவு குறுகலாகக் கட்டினார்கள். இப்போது புகைக்குப் பதில் வீட்டின் சூடு அதே வழியில் ஏறிப் போகிறது, கீழே கிழக்கு ஜன்னல் வழியாக ஓடைக் காற்று உள்ளே வருகிறது. ஏப்ரல் மதியத்தில் கயிற்றை இழுத்துக் கதவைத் திறந்தால் ஐந்து நிமிஷத்தில் வித்தியாசம் தெரியும். ஏசி இல்லை. தரைக்கடியில் இருந்த புகை வாய்க்காலையும் காற்றுக்காகப் பயன்படுத்தலாம் என்று நினைத்து முதல் வருஷம் திறந்து வைத்தோம். இரண்டு பருவமழையும் பெய்கிற ஊரில் அது ஈரத்தைத்தான் உள்ளே கொண்டுவந்தது, புத்தகங்களில் பூஞ்சை பிடித்தது. மணல் நிரப்பி மூடிவிட்டோம். வெளியே அடுப்புப் பள்ளம் மட்டும் இருக்கிறது, மேலே கூரை போட்டு விறகு அடுக்குகிறார்கள்.

இரண்டு ரோலர்களும் இருந்த இடத்திலேயே நிற்கின்றன. வார்ப்பிரும்பு, நாலு பேர் தூக்கினாலும் அசையாது, தண்ணீரும் அசைக்காது. துருவைத் தேய்த்துத் தேங்காய் எண்ணெய் பூசியிருக்கிறார்கள். பேரப்பிள்ளைகள் வந்தால் கைப்பிடியைச் சுற்றிப் பார்ப்பார்கள். ஒருமுறை பக்கத்துத் தோட்டத்தில் பால் வாங்கி, தட்டில் உறைய வைத்து, தாத்தாவே பக்கத்தில் நின்று ஒரு ஷீட் அடிக்கச் சொல்லிக்கொடுத்தார். அது சமையலறை வாசலில் தொங்குகிறது, புகை காணாததால் வெள்ளையாக.

2023 டிசம்பரில் மழை வலுத்த ஒரு நாள் அக்கா போன் செய்தாள். மேற்கு வாசலில் தண்ணீர் வந்துவிட்டது, கிழக்குக் கதவைத் திறந்துவிட்டோம், நடு வாய்க்கால் வழியாகப் போய்க்கொண்டிருக்கிறது என்றாள். போனில் அந்தச் சத்தம் கேட்டது. சாயங்காலத்துக்குள் தரையைக் கழுவித் துடைத்தாயிற்று.

தெற்குச் சுவரின் அடிப்பகுதி இன்னும் சரியாகவில்லை. ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் இரண்டடி உயரத்துக்குப் பூச்சு பொரிந்து உதிர்கிறது. அங்கே உப்பு இன்னும் இருக்கிறது. களிமண்ணை இன்னொரு தடவை அப்பி உரிக்க வேண்டும், அப்புறம் பூச வேண்டும். அதற்காகக் கொல்லைக் குழியில் சுண்ணாம்பு தண்ணீருக்கடியில் கிடக்கிறது, மேலே பலகை போட்டு மூடியிருக்கிறோம். மழை விட்டதும் ஜனவரியில் கொத்தனாரின் மகன் வருவதாகச் சொல்லியிருக்கிறான். அப்பாவையும் கூட்டிக்கொண்டு வா என்று சொல்லியிருக்கிறேன்.